காட்சிமுனையில் எழுந்த கேள்வி

அரித்தல், கடத்தல், படிதல். ஆறு செய்யும் மூன்று வேலைகள் இவை என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். மாணவர்கள் எழுதுவார்கள், நானும் முழு மதிப்பெண் போடுவேன். அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் பிள்ளைகள் எதையாவது பார்க்கிறார்களா என்று நான் கேட்டதில்லை. ஒரு கல்விச் சுற்றுலாவில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விதான் அந்தக் குறையை எனக்குக் காட்டியது. அந்த அனுபவத்தையும், அதன் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

என் மாணவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடல் அவர்களுக்கு வீட்டு வாசல். மலையைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். அதனால் நீலகிரிக்கு அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தோம். 34 மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள். இரவில் பேருந்தில் புறப்பட்டு விழுப்புரம், சேலம், மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து கிழக்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கிறது கோடநாடு காட்சிமுனை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் சாலை, நீலகிரி மலையின் கிழக்கு விளிம்பில் போய் முடிகிறது. அதற்கு அப்பால் தரை இல்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் பெரும் பள்ளம், அதன் அடியில் காடு, காட்டின் நடுவே மோயாறு. மாயாறு என்றும் இதை எழுதுவார்கள்.

நான் போட்டிருந்த திட்டம் அரை மணி நேரம். "நல்லாப் பாருங்க, போட்டோ எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்: "டீச்சர், இந்தப் பள்ளத்துல முன்னாடி இருந்த மலையெல்லாம் எங்க போச்சு?"

"ஆறு அரிச்சிடுச்சும்மா" என்றேன்.

"அரிச்சு எங்க கொண்டு போச்சு? எங்க ஊருலயும் மணல் போச்சுன்னு தாத்தா சொல்வாரு. அதுவும் இதுவும் ஒண்ணா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ஊருக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லி, எல்லோரையும் பேருந்தில் ஏற்றினேன். மலை இறங்கும்போது அந்தக் கேள்வி என் கூடவே வந்தது.

கீழே தெரிவது என்ன?

அந்தக் காட்சிமுனையில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டியவற்றை இப்போது எழுதுகிறேன்.

முதலில் உயரம். காட்சிமுனைக்கும் கீழே உள்ள பள்ளத்தாக்கின் தரைக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. நம் ஊர்க் கடற்கரைச் சாலையை அப்படியே நட்டக்குத்தலாக நிமிர்த்தி வைத்தாலும், அதன் முனை நம் காலடிக்கு வந்து சேராது. பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்.

அடுத்து, நிறம். நாம் நிற்கும் மேட்டில் தேயிலையும் சோலை மரங்களும் பசேல் என்றிருக்கும். கீழே காடு வெளிறித் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை நீலகிரி மேட்டுநிலமே வாங்கிக்கொள்கிறது. மோயாற்றுப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. அதனால் அங்கே முட்காடும் இலையுதிர்காடும்தான். அந்த வெளிறிய காட்டின் நடுவே கரும்பச்சையாக ஒரு கோடு ஓடும். ஆற்றங்கரையில் நீர்மருது போன்ற உயரமான மரங்கள் வரிசையாக வளர்ந்திருப்பதால் வரும் கோடு அது. தண்ணீர் கண்ணில் படாத இடத்திலும் மரவரிசையை வைத்து ஆற்றின் போக்கைச் சொல்லிவிடலாம். அழிவின் விளிம்பில் இருக்கும் வெண்முதுகுப் பாறு கழுகுகள் இந்தப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அவற்றின் சடலங்களைத் தின்ற கழுகுகளைக் கொன்றது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது.

கீழே வயல்களோடு ஓர் ஊர் தெரியும். அது தெங்குமரஹாடா. கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் கோத்தகிரியிலிருந்து அங்கே போகும் பேருந்து மலையிறங்கி, மேட்டுப்பாளையம், பவானிசாகர் என்று சுற்றிக் காட்டுக்குள் போய் ஆற்றங்கரையில் நிற்கும். பிறகு ஆற்றைக் கடந்தால்தான் ஊர். கண்ணுக்கு எட்டுவது காலுக்கு எட்டுவதில்லை. வரைபடத்தில் நேர்கோட்டுத் தொலைவும் சாலைத் தொலைவும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எதிரே ரங்கசாமி சிகரமும், தூண் போல் தனித்து நிற்கும் ரங்கசாமி தூண் பாறையும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் தகடு போல் ஒரு நீர்ப்பரப்பு மின்னும். அது பவானிசாகர் அணை.

பள்ளம் எப்படி உண்டானது?

"ஆறு அரிச்சிடுச்சு" என்று நான் சொன்னது பாதிப் பதில்தான். மூன்று காரணங்கள் சேர்ந்து இந்தப் பள்ளத்தாக்கை உருவாக்கின.

முதலாவது, பாறை. நீலகிரி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற மிகக் கடினமான பாறையால் ஆனது. சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளும் இதே வகைதான். இந்தப் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயது. பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகிப் பின் மேலே வந்தது. எளிதில் தேயாது. அதனால்தான் சுற்றியுள்ள நிலம் தாழ்ந்த பிறகும் நீலகிரி உயர்ந்து நிற்கிறது.

இரண்டாவது, பலவீனமான ஒரு பட்டை. நீலகிரியின் வடக்கு ஓரமாக, நிலத்தின் இரு பெரும் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்ததால் பாறை நசுங்கிப்போன நீண்ட பட்டை ஒன்று இருக்கிறது. நிலவியலாளர்கள் அதை மோயாற்றின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். தண்ணீர் எப்போதும் எளிய வழியைத் தேடும். முக்குருத்திப் பகுதியில் பிறக்கும் பைக்காரா ஆறு, மலையிறங்கியதும் மோயாறு என்ற பெயரில் இந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. அதன் போக்கு வரைபடத்தில் பெரும்பாலும் நேராகத் தெரிவதற்கு இதுவே காரணம். முதுமலைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அது செங்குத்தான ஆழ்பள்ளத்தில் ஓடுகிறது. ஆங்கிலேயர் அதற்கு மைசூர் அகழி என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றாவதுதான் தண்ணீரும் காலமும். தண்ணீர் மட்டும் பாறையை அறுப்பதில்லை. அது உருட்டிக்கொண்டு போகும் கல்லும் மணலும்தான் அரம் போல் வேலை செய்கின்றன. வெயிலிலும் மழையிலும் விரிசல் விட்டு உதிரும் பாறையை ஆறு அள்ளிக்கொண்டு போகிறது.

இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரு பெரிய தட்டில் களிமண்ணை இறுக்கி நிரப்புங்கள். நடுவே விரல் அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உதிரி மணலை நிரப்பி மேற்பரப்பைச் சமன் செய்யுங்கள். தட்டை லேசாகச் சாய்த்து, மேல் முனையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் மணல் பட்டையைக் கண்டுபிடித்து இறங்கும். சில நிமிடங்களில் ஒரு குட்டி மோயாறு கிடைக்கும். தட்டின் கீழ் முனையில் மணல் விசிறி போல் பரவிக் கிடக்கும். அதைக் காட்டி, "இருந்தது எங்க போச்சு?" என்று கேளுங்கள். என் மாணவி கேட்ட கேள்விக்கான விடையின் தொடக்கம் அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

மண் போன வழி

ஊர் திரும்பிய பிறகு தென்னிந்திய வரைபடத்தை மேசையில் விரித்து, நூலை வைத்து ஆற்றைப் பின்தொடர்ந்தோம்.

மோயாறு பவானிசாகரில் பவானி ஆற்றோடு சேர்கிறது. பவானி கிழக்கே ஓடி, பவானி நகரில் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரி கரூரைக் கடந்து திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிடுகிறது. பிறகு டெல்டாவில் பல கிளைகளாகிறது. அவற்றில் ஒன்றான அரசலாறு காரைக்காலில் கடலில் சேர்கிறது.

காரைக்கால் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. காரைக்கால் நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு பகுதி அல்லவா! கோடநாட்டில் நின்று பார்த்த தண்ணீர் நம் பிரதேசத்துக் கரையில் வந்து முடிகிறது. பேருந்தில் போகும்போது குமாரபாளையம் அருகே காவிரியையும், மேட்டுப்பாளையத்தில் பவானியையும் பாலத்தில் கடந்திருக்கிறோம். அப்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். அடுத்த முறை எழுப்பிக் காட்ட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

காவிரி டெல்டாவின் மண் முழுவதும் இப்படி மலைகளிலிருந்து ஆறுகள் அள்ளிக்கொண்டு வந்ததுதான். காணாமல் போன மலையின் ஒரு பங்கு தஞ்சை வயல்களில் இருக்கிறது என்று சொன்னபோது, "அப்போ நாம மலையைத்தான் சோறா சாப்பிடுறோம்" என்றான் ஒரு பையன். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில் தவறில்லை.

1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர், சுமார் எட்டே முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள மண் அணை. அது கீழ்பவானிப் பாசனப் பகுதிக்கு வாழ்வு கொடுத்தது. அதே நேரத்தில், மோயாறும் பவானியும் கொண்டுவரும் மணலும் வண்டலும் அணைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. தண்ணீரை மதகு வழியாகத் திறந்துவிடலாம், மணலை அப்படி அனுப்ப முடியாது. அணை நல்லதா கெட்டதா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அணை ஓரிடத்தில் எதைக் கொடுக்கிறது, வேறோர் இடத்தில் எதை நிறுத்துகிறது என்று இரண்டையும் மாணவர்கள் எழுதினால் போதும்.

நம் கரையின் கணக்கு

அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்விக்கு இப்போது வரலாம். மலையில் போனதும் வைத்திக்குப்பத்தில் போனதும் ஒன்றா?

ஆறுகள் கடலில் சேர்க்கும் மணல் அங்கேயே கிடப்பதில்லை. அலைகள் கரையில் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். நம் சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் அது நகரும். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "எங்க அப்பா தெண்டி, வன்னின்னு சொல்லுவாரு டீச்சர்" என்றான். தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. நான் புத்தகம் பார்த்துச் சொன்னதை அவன் அப்பா வலை போடும் இடத்தில் தினமும் பார்க்கிறார்.

1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் நீட்டிக் கட்டப்பட்டன. வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அவற்றுக்குத் தெற்கே தங்கியது. வடக்கே இருந்த கரைக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. நகரத்தின் கடற்கரையில் மணல் போனது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் கரைகளில் பாறாங்கற்களைக் கொட்ட வேண்டி வந்தது. கட்டுமரத்தை ஏற்றி வைத்த இடத்தையும், பிள்ளைகள் கபடி ஆடிய மணலையும் பற்றித் தாத்தாக்கள் சொல்வது கற்பனை அல்ல.

ஆக, மலையில் நடந்ததும் கரையில் நடந்ததும் ஒரே நிகழ்ச்சி அல்ல. ஒன்று இயற்கை பல கோடி ஆண்டுகளில் செய்த அரிப்பு, மற்றது வரவு தடைப்பட்டதால் சில பத்தாண்டுகளில் வந்த இழப்பு. ஆனால் இரண்டையும் இணைக்கும் கணக்கு ஒன்றுதான். மலையில் செலவாவது சமவெளிக்கும் கரைக்கும் வரவு. நடுவில் எங்கே தடுத்தாலும் அதற்கு அப்பால் உள்ள இடத்தில் பற்று விழும்.

இங்கே ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையோடு பேச வேண்டும். "நம் கரை மணல் மோயாறு கொண்டு வந்தது" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். அப்படிச் சொல்லக் கூடாது. காவிரிக்கும் நமக்கும் இடையே வெள்ளாறு, கெடிலம், பெண்ணையாறு எல்லாம் மணல் கொண்டுவந்து சேர்க்கின்றன. நம் சங்கராபரணியும் இருக்கிறது. நம் கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, இது எந்த மலையுடையது என்று வகுப்பறையில் சொல்ல முடியாது. கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையாக்கிவிடாமல் இருப்பதும் அறிவியல் பாடத்தின் ஒரு பகுதிதான்.

அடுத்த முறை செய்ய வேண்டியவை

போகும் முன்: ஆற்று வரைபடத்தை வகுப்பில் வரைந்து, ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியோடு பேருந்தில் ஏறட்டும். நீலகிரி செல்லும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு அந்த மாவட்டத்தில் தடை உள்ளது. தண்ணீர் பாட்டிலும் அதில் அடங்கும். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். கடற்கரைப் பிள்ளைகளிடம் ஸ்வெட்டர் இருக்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். அங்கே நம் ஊரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும்.

வழியில்: காற்றடைத்த தின்பண்டப் பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் ஆசிரியரே கையில் வைத்திருங்கள். மலையில் அது பலூன் போல் உப்பியிருக்கும். காட்சிமுனையில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதைச் சொல்ல வேறு கருவி வேண்டாம். பொட்டலத்தின் உறையை மட்டும் மறக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

காட்சிமுனையில்: காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் மேகம் ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிடும். ஒரே நேரத்தில் எல்லோரையும் தடுப்புக்கு அருகே விடாமல் பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். தடுப்பின் மீது ஏறுவதோ, பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் தற்படம் எடுப்பதோ கூடாது. முதல் பத்து நிமிடம் கைப்பேசி பையில் இருக்கட்டும். தாளை மூன்றாக மடித்து அருகில், நடுவில், தொலைவில் தெரிவதைத் தனித்தனியே வரையச் சொல்லுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, எத்தனை பொருள்களைக் கவனித்தார்கள் என்பதே முக்கியம்.

திரும்பிய பின்: கடற்கரை மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். சில கருமணிகள் ஒட்டிக்கொள்ளும். பாறையிலிருந்து பிரிந்து வந்த இரும்புக் கனிமங்கள் அவை. மணலும் ஒரு காலத்தில் பாறைதான் என்பதைப் பிள்ளைகள் கையில் தொட்டு உணர்வார்கள்.

மலைக்குப் போக முடியாத பள்ளிகள்

செலவு எல்லாப் பள்ளிகளாலும் முடியாது. எங்களுக்கே பெற்றோர் கொடுத்ததோடு ஆசிரியர்களும் கை கொடுத்துத்தான் முடிந்தது. நமக்கு அருகிலேயே, ஆரோவில், குயிலாப்பாளையம் பக்கம் செம்மண் மேட்டில் மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்கள் இருக்கின்றன. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமுள்ளவையும் உண்டு. பள்ளத்தின் விளிம்பு உதிரக்கூடியது என்பதால் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். பாறைக்குப் பதில் செம்மண், கோடி ஆண்டுகளுக்குப் பதில் சில தலைமுறைகள், அவ்வளவுதான் வேறுபாடு. அதுவும் இயலாவிட்டால், மழை பெய்த மறுநாள் பள்ளி மைதானத்தின் சரிவைப் பாருங்கள். அரித்தல், கடத்தல், படிதல் மூன்றும் பத்தடிக்குள் நடந்திருக்கும்.

அந்த ஆண்டு பருவத் தேர்வில் வழக்கமான வினாவே வந்தது: ஆற்றின் மூன்று செயல்கள் யாவை? விடைக்குறிப்பில் மூன்று சொற்கள்தான். அந்த மாணவி மூன்றாவதற்கு இப்படி எழுதியிருந்தாள்: "படிதல். ஆனால் வழியில் தடுத்தால் படியாது. எங்கள் கரையில் படியவில்லை."

பதினைந்து ஆண்டுகளாகத் திருத்திய விடைத்தாள்களில் அந்த இரண்டு கூடுதல் வாக்கியங்களை நான் பார்த்ததில்லை. காட்சிமுனைகள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன, பிள்ளைகளை அழைத்தும் செல்கிறோம். "எவ்வளவு அழகு பாருங்கள்" என்பதோடு, "இங்கே இருந்தது எங்கே போனது?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். பதில் தெரியாவிட்டால், ஊருக்கு வந்து பிள்ளைகளோடு சேர்ந்து தேடுவோம்.